லைனை வைக்கச் சொன்னவள்

எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து போன மாதம் என்னை நீக்கிவிட்டார்கள். ஓய்வு பெற்றபின் பத்து பாகாட் நகரில் வந்து குடியேறிய எனக்கு, குப்பை லாரி எப்போது வரும், தண்ணீர் எப்போது நிற்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் குழுதான். ஒருநாள் யாரோ அதில் ‘உங்கள் கைபேசியில் ஒளிந்திருக்கும் உயிர்காக்கும் ரகசியங்கள்’ என்று நீளமாக ஒன்றைப் பகிர்ந்தார்கள். சிக்னலே இல்லாத இடத்தில் 112 அடித்தால் செயற்கைக்கோள் வழியாகப் போகுமாம். ஏதோ ஒரு எண்ணை அழுத்தினால் பேட்டரியில் மறைத்து வைத்திருக்கும் பாதிச் சக்தி வெளியே வருமாம். ஏடிஎம்மில் ரகசிய எண்ணைத் தலைகீழாக அடித்தால் போலீஸ் வருமாம். நான் கீழே எழுதினேன்: “மூன்றும் பொய். இதை நம்பி யாராவது காட்டுக்குள் போனால் திரும்பி வர மாட்டார்கள்.”

குழுவை நடத்துகிறவர் மரியாதையான மனிதர்தான். எனக்குப் போன் போட்டார்.

“அக்கா, நல்ல எண்ணத்துல போட்டாங்க லா. எல்லார் முன்னாடியும் பொய்னு சொன்னா அவங்க மனசு கஷ்டப்படாதா?”

“மனசு ஆறிடும் தம்பி. இதை நம்பிப் போறவன் உயிரு?”

மறுநாள் நான் குழுவில் இல்லை.

சரி, அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன். என் பெயர் பிலோமினா. ஜொகூரில் அவசர அழைப்புகளை எடுக்கும் மையம் ஒன்றில், வேலைக்காலம் முழுவதும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். போனில் என்ன உண்டு, என்ன இல்லை என்பதை நான் யாரும் அனுப்பிய செய்தியிலிருந்து கற்கவில்லை. மூச்சுத் திணறியவர்களிடமிருந்தும் அழுதவர்களிடமிருந்தும் கற்றேன்.

112 மந்திரம் இல்லை. உங்கள் நிறுவனத்தின் கோபுரம் எட்டாத இடத்தில் வேறொரு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால், அதன் வழியாக அந்த அழைப்பு வந்து சேரும். திரையில் ‘அவசர அழைப்பு மட்டும்’ என்று வருவதன் அர்த்தம் அவ்வளவுதான். எந்தக் கோபுரமும் எட்டாவிட்டால் எதுவும் வராது. இன்னொரு விஷயத்தை யாரும் பகிர்வதில்லை. அப்படி வரும் அழைப்பு ஒருவழிப் பாதை. நீங்கள் எங்களைக் கூப்பிடலாம், நாங்கள் உங்களைத் திருப்பிக் கூப்பிட முடியாது. அந்த நேரத்தில் உங்கள் குறுஞ்செய்தியும் போகாது. லைன் அறுந்தால் அறுந்ததுதான்.

உபயோகமானவையும் உண்டு, இல்லாமல் இல்லை. இணையம் போனாலும் வரைபடத்தில் உங்கள் நீலப் புள்ளி நிற்கும். அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் வரும் எண்களை வாசித்துச் சொன்னால் போதும், ஊர் பெயரே தேவையில்லை. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் மெலிந்து பேச்சு உடைந்து உடைந்து வரும் இடத்தில் குறுஞ்செய்தி எப்படியாவது நுழைந்துவிடும். பூட்டிய திரையிலேயே உங்கள் ரத்த வகையையும் மருந்துகளையும் வீட்டு எண்ணையும் பார்க்கும்படி வைக்கலாம். பாதிப் பேர் வைப்பதில்லை, ஆனால் பூனைப் படத்தை வைப்பார்கள். போனே இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது. ரோட்டோர மின்கம்பத்தைப் பாருங்கள், அதில் ஓர் எண் இருக்கும். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் இருக்கும். “ஒரு பெரிய மரம் இருக்கு, பக்கத்துல ஒரு கடை” என்று சொல்வதைவிட அது மேல்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலில் இடம், பிறகு என்ன நடந்தது, பிறகுதான் பெயர். அழுகிறவரை அதட்டாதே. வாக்குக் கொடுக்காதே. எல்லாவற்றுக்கும் மேலாக, அழைப்பவர் லைனை விட்டுப் போக விடாதே. இந்தக் கடைசி விதியை எங்களுக்குள் இறக்கியவர், ‘என்சிக்’ என்று மலாயில் மரியாதையாக நாங்கள் அழைத்த ஹாலிம், எங்கள் மேற்பார்வையாளர்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ரப்பர் அடிச் செருப்போடு நாற்காலிகளுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நடப்பார். ஓர் அழைப்பு சிக்கலாகப் போகிறது என்று பட்டால் நாற்காலியின் முதுகில் இரண்டு விரலை வைப்பார். அதற்கு ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்றும் அர்த்தம், ‘ஜாக்கிரதை’ என்றும் அர்த்தம். வேலை முடிந்ததும் பதிவைப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். நாம் செய்ததற்குக் காரணம் சொன்னால், “லெப்பாஸ் து?” என்பார். அதற்குப் பிறகு? அதற்கும் பதில் சொன்னால் மறுபடியும் “லெப்பாஸ் து?” நம் யோசனை எந்த இடத்தில் தீர்ந்துபோகிறதோ, அந்த இடம் வரை அழைத்துக்கொண்டு போய் விட்டுவிடுவார். நல்ல மனிதர். இன்றும் எனக்கு அவரோடு சண்டை தீரவில்லை.

ஒருமுறை கெலாங் பாத்தா பக்கத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது. மறுமுனையில் மூச்சு மட்டும். குழந்தை விளையாட்டென்று பலர் வைத்துவிடுவார்கள். ஆனால் அந்த மூச்சு எதையோ சொல்ல முயன்று தோற்றுக்கொண்டிருந்தது. “பேச முடியலன்னா போனை நகத்தால தட்டுங்க” என்று மலாயில் சொன்னேன். தட்டு வந்தது. ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லையென்றால் இரண்டு. தமிழா? ஒரு தட்டு. வீட்டில் தனியாகவா? ஒரு தட்டு. பிறகு அந்தப் பக்கத்துத் தாமான் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன், பிறகு தெருக்களை, பிறகு வீட்டு எண்களை. பக்கவாதத்தில் வாய் இழுத்துக்கொண்ட ஒரு முதியவர். ஆம்புலன்ஸ் போய்க் கதவை உடைக்கும்வரை அவர் தட்டிக்கொண்டே இருந்தார். அன்று ஹாலிம் பதிவைக் கேட்டுவிட்டு, “பார்த்தாயா, லைனை விடவில்லை, அதனால் அவர் இருக்கிறார்” என்றார். நான் தலையாட்டினேன். அன்று அவர் சொன்னது சரி.

அடுத்த மழைக்காலத்தில்தான் அந்த விதியை நான் உடைத்தேன்.

ஆண்டுக் கடைசி மழை. பல நாட்களாக விடவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் 112 வழியாக, வேறொரு நிறுவனத்தின் கோபுரத்தைப் பிடித்து, ஓர் அழைப்பு விழுந்தது. ஒரு பெண் மலாயில் ஆரம்பித்து, பயத்தில் தமிழில் சறுக்கினாள்.

“தமிழ்லயே சொல்லும்மா. எங்க இருக்கீங்க?”

“அக்கா, தமிழா? அக்கா, காரு தண்ணியில நின்னுடுச்சு. நானும் எங்க அத்தையும்தான் இருக்கோம். எங்கன்னு தெரியலக்கா.”

அத்தை என்றது மாமியாரை. அவள் பெயர் கலையரசி. நாத்தனார் கல்யாணத்துக்குத் தங்காக்கில் சேலை எடுத்துக்கொண்டு மாமியாரோடு திரும்பியிருக்கிறாள். பெரிய ரோட்டை வெள்ளத்துக்காக அடைத்துவிட்டார்கள். போன் வரைபடம் தோட்டத்துச் செம்மண் ரோட்டைக் காட்டியிருக்கிறது. சுற்றிலும் செம்பனை மரங்கள், பாதையும் வாய்க்காலும் ஒன்றாகிப்போன தண்ணீர்.

“அந்த மேப் இருக்கிற போனைப் பாரு.”

“அது செத்துப்போச்சுக்கா. இது அத்தையோட சின்ன போனு. பேட்டரி ஒரே ஒரு கோடுதான் காட்டுது.”

என் திரையில் ஒரு கோபுரமும் அதைச் சுற்றி ஒரு வட்டமும்தான் தெரிந்தன. அந்த வட்டத்துக்குள் பல தோட்டங்கள். மழையில் அவ்வளவு செம்பனைக்கு நடுவில் ஒரு காரைத் தேடுவது நடக்கிற காரியம் இல்லை. தீயணைப்பு வண்டிகள் அன்று ஏற்கெனவே எங்கெங்கோ சிதறிக் கிடந்தன.

“தண்ணி எது வரைக்கும் வந்திருக்கு?”

“முதல்ல டயர் முங்குச்சு. இப்ப கதவுக்குள்ள வருதுக்கா.”

“ரெண்டு பேரும் வெளிய வாங்க. மேடா ஏதாவது தெரியுதா?”

வாய்க்காலை ஒட்டி ஒரு கரை, அதில் வரிசையாக மரங்கள். மாமியாருக்கு முட்டி தேய்ந்துபோயிருந்தது, கம்பில்லாமல் நிற்க முடியாது. கலையரசி அவரை இழுத்தும் தாங்கியும் கரையேற்றியதை நான் காதால் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரின் மூச்சு, தண்ணீர், “அலமாக், அலமாக்” என்று பதறும் அந்த அம்மாவின் குரல். நடுவே போன் ஒரு கீச்சொலி எழுப்பியது. பேட்டரி முடியப்போகிறது.

நான் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்தைப் பிரித்திருக்கும் ஒவ்வொரு பிளாக்கின் மூலையிலும் ஒரு பலகை நிற்கும், அதில் பிளாக் எண்ணும் நட்ட ஆண்டும் எழுதியிருக்கும் என்று தெரியும். “கலை, மூலையில ஒரு பலகை இருக்கும், நம்பர் எழுதியிருக்கும். தெரியுதா?” என்றேன். தெரியவில்லை. கரையோடு நடந்து போனால்தான் கிடைக்கும். மாமியாரால் நடக்க முடியாது. அந்தப் போன் லைனிலேயே இருந்தால் பலகை வரை உயிரோடு போய்ச் சேராது.

என் நாற்காலி முதுகில் இரண்டு விரல் வந்து நின்றது.

அப்போது என்ன நினைத்தேன் என்று பிறகு நடந்த விசாரணையில் பலமுறை கேட்டார்கள். நினைத்தது இதுதான்: இந்த லைனை நான் பிடித்துக்கொண்டிருந்தால், போன் சாகும்வரை அவர்களுக்கு ஒரு குரல் இருக்கும். எனக்கும் ஒரு சுத்தமான பதிவு இருக்கும். அவர்கள் இருக்கும் இடம் மட்டும் யாருக்கும் தெரியாது.

“கலை, கேளு. வாங்கின சேலையில ஒண்ணை எடு. அத்தைய மரத்தோட சேர்த்து, நெஞ்சுக்குக் கீழ ரெண்டு சுத்துச் சுத்திக் கட்டு. மயங்கினாலும் வழுக்கிடக் கூடாது. கட்டிட்டு நீ மட்டும் கரையோட போ. பலகையத் தேடு.”

“அத்தைய விட்டுட்டா?”

“விட்டுட்டுத்தான். இப்ப போனை வெச்சுட்டு ஆஃப் பண்ணிடு. பலகை கெடச்சதும் ஆன் பண்ணி இதே நம்பர அடி. யார் எடுத்தாலும் உன் பேரையும் பலகையில இருக்கிறதையும் மட்டும் சொல்லு.”

“நீங்க திருப்பி அடிக்க மாட்டீங்களா?”

“என்னால முடியாதும்மா. நீதான் அடிக்கணும்.”

பின்னாலிருந்து ஹாலிம், “ஜங்கான்” என்றார். வேண்டாம். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை.

“வை, கலை” என்றேன். வைத்துவிட்டாள்.

நான் எழுந்து நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி அவள் பெயரையும் கேட்க வேண்டியதையும் சொன்னேன். அந்த அறையில் கத்துவது இன்னொரு குற்றம். ஹாலிம் என்னைத் திட்டவில்லை. “இது உன் முடிவு, பதிவில் இருக்கிறது” என்று மட்டும் சொன்னார். பிறகு தன் மேசைக்குப் போய், அந்த வட்டத்துக்குள் இருந்த தோட்ட அலுவலகங்களுக்கு ஒவ்வொன்றாகத் தானே போன் போட்டு, டிராக்டரைத் தயாராக வைக்கச் சொன்னார். இதையும் சொல்ல வேண்டும். அவர் அப்படிப்பட்டவர்.

அழைப்பு வரவில்லை. நான் வேறு அழைப்புகளை எடுத்தேன். கூரையில் ஏறிய ஒரு குடும்பம், அறுந்து விழுந்த ஒரு மின்கம்பி. எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் பதில் சொன்னேனாம், பதிவில் இருக்கிறது. எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. கரையில் அந்த அம்மா தனியாக, புதுச் சேலையில் கட்டுண்டு நிற்பதுதான் கண்ணில் நின்றது.

கடைசியில் எதிர் வரிசையில் இருந்த ரொஹானா கையை உயர்த்தினாள். நான் ஓடினேன். லைனில் கலையரசி பலகையை எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஹாலிம் அதை அப்படியே தோட்டங்களுக்குத் திருப்பிச் சொல்ல, ஒரு தோட்ட அலுவலகத்தின் எழுத்தர், கிராணி என்பார்கள், “அது எங்களுடையது” என்றார். ஆனால் அந்த பிளாக் பெரியது, மழையில் கண்ணுக்கு முன்னால் இருக்கும் மரமே தெரியாத நேரம். நான் ரொஹானாவின் கருவியை வாங்கினேன்.

“கலை, டிராக்டர் வருது. நீ அத்தைகிட்ட திரும்பிப் போ. அந்தப் போன்ல அலாரம் வை. கொஞ்ச நேரம் தள்ளி ஒண்ணு, அதுக்கப்புறம் இன்னொண்ணு. வெச்சுட்டு ஆஃப் பண்ணிடு.”

“ஆஃப் பண்ணா எப்படிக்கா அடிக்கும்?”

“அந்த மாதிரி சின்ன போனு ஆஃப்ல இருந்தாலும் அலாரத்துக்கு முழிச்சுக்கும். எங்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு, காலை ஷிப்டுக்கு அதான் எழுப்பும். சேலை வந்த பிளாஸ்டிக் பையில அதைப் போட்டு...”

லைன் போய்விட்டது. அவள் எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. எல்லாப் போனும் அப்படி முழித்துக்கொள்ளாது. இந்தக் காலத்துப் போன்கள் பலவும் முழிப்பதில்லை. அந்த அம்மாவிடம் இருந்தது முழிக்கிற வகையா என்றும் எனக்குத் தெரியாது.

முழித்தது. டிராக்டரில் போனவர்கள் பிளாக்கின் அந்தக் கோடி வரை போய்விட்டுத் திரும்பும்போது, மழைக்குள் எங்கோ சின்னதாக ஒரு பாட்டுச் சத்தம் கேட்டதாம். இஞ்சினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துப் போயிருக்கிறார்கள். இருவரும் ஒரே மரத்தைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். தண்ணீர் கரைக்கு மேல் ஏறியிருந்தது. கார் எங்கே என்று பார்த்தால் தெரியவில்லை.

கிராணி செய்தி சொன்னபோது கூடத்தில் கைதட்டினார்கள். ஹாலிம் தட்டவில்லை. என்னைத் தன் அறைக்கு அழைத்தார். நாங்கள் மலாயில்தான் பேசினோம், தமிழில் சொல்கிறேன்.

“இரண்டு பேரும் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் திருப்பிக் கூப்பிட முடியாத ஒருத்தியை நீ விட்டுவிட்டாய். அவள் கரையில் வழுக்கி விழுந்திருந்தால்?”

“லைனைப் பிடித்துவைத்திருந்தால், இடம் தெரியாமல் இருவரும் போயிருப்பார்கள்.”

“லெப்பாஸ் து? நாளை ஒரு புதுப்பெண் உன்னைப் பார்த்து லைனை வைக்கச் சொல்வாள். அந்த அழைப்பு திரும்பி வராது.”

“அப்படியென்றால் எப்போது வைக்கலாம், எப்போது கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். விதியைக் காட்டி அவளையும் பயமுறுத்தாதீர்கள்.”

அவர் வெந்நீரைக் குடித்தார்.

விவகாரம் அதோடு முடிந்திருக்கும். சில வாரங்கள் கழித்து ஒரு புகார் வந்தது. அனுப்பியது கலையரசியின் கணவர் கணேசன், சிங்கப்பூரில் வேலை செய்கிறவர். தன் தாயை வெள்ளத்தில் மரத்தோடு கட்டித் தனியாக விட்டுப் போகச் சொன்ன அதிகாரி யார் என்று கேட்டிருந்தார். அந்த அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒரு அறையில் தனியாக இருக்க மாட்டேன் என்கிறாராம், குளியலறைக் கதவைக்கூடச் சாத்த விடுவதில்லையாம். புகாரின் கடைசியில் இன்னொன்றும் இருந்தது. உறவுக்காரர்கள் தன் மனைவியை, கிழவியைக் கட்டிப்போட்டுவிட்டுத் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடினவள் என்று பேசுகிறார்களாம்.

ஹாலிம் எனக்கு உதவத்தான் பார்த்தார். “விசாரணையில், அவசரத்தில் தவறாகச் சொல்லிவிட்டேன், வருந்துகிறேன் என்று சொல்லிவிடு. எச்சரிக்கைகூட வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார்.

“சொல்ல மாட்டேன்.”

“ஒரு வார்த்தைதானே, பிலோமினா. பதவி உயர்வு வரப்போகிற நேரம்.”

“நான் சொன்னது தவறு என்றால், அவள் செய்ததும் தவறுதானே? அந்த வீட்டில் இனிமேல் யார் என்ன பேசுவார்கள்? ‘அதிகாரியே ஒத்துக்கொண்டாள், அப்படிச் செய்திருக்கக் கூடாது’ என்பார்கள். நான் இங்கே வருந்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் அந்த வீட்டில் இருக்க வேண்டும்.”

“லெப்பாஸ் து?” என்றார் பழக்கத்தில்.

“லெப்பாஸ் து ஒன்றுமில்லை. சொல்ல மாட்டேன்.”

விசாரணையில் மூன்று அதிகாரிகள். மறுபடி அதே நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள் என்று நடுவில் இருந்தவர் கேட்டார். அதையேதான் செய்வேன் என்றேன். எதிர் நாற்காலியில் கணேசன் உட்கார்ந்திருந்தார். கலையரசி வெளியே காரில் இருந்தாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கார் நிறுத்துமிடத்தில் அவர் என்னை வழிமறித்தார்.

“எங்கம்மா பயந்து சாகறாங்க. ஒரு சாரி சொல்ல வாய் வரல உங்களுக்கு?”

“அவங்க பயத்துக்கு நான் வருத்தப்படறேன். நெஜமாவே வருத்தப்படறேன். ஆனா செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டேன்.”

“கட்டிப்போட்டு விட்டுட்டுப் போகச் சொல்லியிருக்கீங்க! பெத்த அம்மாவா இருந்தா சொல்லுவீங்களா?”

“சொல்லியிருப்பேன். கணேசன், அங்க முடிவு எடுத்தது நான். உங்க மனைவி ‘அத்தைய விட்டுட்டா’ன்னு கேட்டாங்க, அது பதிவுல இருக்கு. போகச் சொன்னது என் குரல். பலகையப் பாத்து நம்பர் சொன்னதும் அப்படியே ஓடிப்போகல, தண்ணி ஏறிக்கிட்டிருக்கிற கரைக்குத் திரும்பி வந்தாங்க. யாராவது உங்கம்மாவ விட்டுட்டுப் போனதா பேசினா, பிலோமினான்னு ஒருத்திதான் அனுப்பினான்னு சொல்லுங்க. எம் பேரச் சொல்லுங்க. உங்க வீட்ல அந்தப் பேச்சு என்கிட்ட வந்து நிக்கட்டும்.”

அவருக்குப் பின்னால் நின்ற காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளிருந்த பெண்ணின் முகத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். குரலைத்தான் எனக்குத் தெரியும்.

“அக்கா” என்றாள். நான் போய்க் கண்ணாடி விளிம்பில் இருந்த அவள் கைமேல் கையை வைத்தேன். பிறகு கணேசன் வண்டியை எடுத்தார்.

புகாரை அவர் திரும்பப் பெறவில்லை. எனக்கு எச்சரிக்கை வந்தது, பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. பிறகும் அதே நாற்காலியில் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்த எச்சரிக்கை என் பெயரோடு இன்றும் எங்கோ ஓர் அலமாரியில் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி மனுப் போடலாம் என்று பலர் சொன்னார்கள். போடவில்லை. இருக்கட்டும். அந்தப் பழி என்னிடம் இருக்கும்வரை அவளிடம் இருக்காது.